‘செப்பு’ யாருடைய பெயர்

1

நெதர்லாந்துக்கு வந்து பதின்மூன்று வருஷம் முடிந்த அன்று எங்கள் அலுவலகச் சாப்பாட்டுக் கூடத்தில் கேக் வெட்டினார்கள். எனக்காக அல்ல. இங்கே பிறந்தநாள் கொண்டாடுகிறவரே கேக் வாங்கிவந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஊரை விட்டு வந்த நாளை யாரும் கணக்கில் வைப்பதில்லை. அன்றைய கேக் கம்பெனியின் செலவு. வெள்ளைக் கிரீமின் மேல் நீல நிறத்தில் ‘செப்பு’ என்று ஆங்கில எழுத்துகளில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் சாக்லேட்டால் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் ஆர். இந்தப் பெயர் சட்டப்படி பதிவாகிவிட்டது, இனி எங்களுடையது என்பதற்கான குறி அது.

என் மேலாளர் பீட்டர் என்னைக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, “இந்த அழகான சொல்லை நமக்குக் கொண்டுவந்தவர் இவர்தான்” என்றார். கைதட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். ஆர் எழுத்து இருந்த துண்டை வெட்டி என் தட்டில் வைத்தார்கள். நான் தின்றேன்.

அதைத் தின்றதை நினைத்தால் இன்றைக்கும் முதல் கோபம் என் மேலேதான் வருகிறது. இரண்டாவது கோபத்துக்குக் காரணம் வேறு. “நம்ம ஊருப் பேரு வெளிநாட்டுல ஓடுதாமே, பெருமையா இல்லியா” என்று சித்தூரிலிருந்து இரண்டு பேர் போனில் கேட்டுவிட்டார்கள். இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

2

முனிரத்தினம் சித்தூர் கல்லூரியில் என்னோடு படித்தவன். இரண்டாம் வருஷத்தில் அவனுக்குப் பார்வை போனது. அடுத்த வருஷம் நான் பாடத்தைப் படித்துச் சொல்ல, அவன் கேட்டே பரீட்சை எழுதினான். என்னைவிட அதிக மார்க் வாங்கினான். இப்போது திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூரில் ஒரு லாட்ஜின் மாடியில், இரண்டு அறைகளில், பார்வை இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டரும் செல்போனும் சொல்லித்தருகிறான்.

பார்வை இல்லாதவர்கள் போனை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திரையில் இருப்பதையெல்லாம் உரக்க வாசித்துக் காட்டும் மென்பொருள் உண்டு. அதுதான் அவர்களுக்குக் கண். ஆனால் அந்தக் காலத்தில் கிடைத்த மென்பொருள்கள் ஒரு நேரத்தில் ஒரு மொழியைத்தான் வாசிக்கும். எங்கள் ஊரில் யார் ஒரு மொழியில் பேசுகிறார்கள்? ‘ரேப்பு பொத்துன வஸ்தானு, நீ சாவி எடுத்துக்கினு வந்துரு’ என்று ஒரு மெசேஜ் வந்தால், நாளைக் காலையில் வருகிறேன் என்கிற தெலுங்குப் பாதி ஒழுங்காக வரும், தமிழ்ப் பாதி வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு பேசுவதுபோல வரும்.

ஒரு விடுமுறையில் நான் திருப்பதி போனபோது முனிரத்தினம் இதைச் செய்துகாட்டினான்.

“இன்னா சொல்லுது, புரியுதா?” என்றான்.

“புரியல.”

“எனுக்கும் புரியல. சாவிய எடுத்துக்கினு போகாம விட்டுட்டு ஒரு நாள் பூரா வாசல்ல நின்னேன். நீதான் கம்ப்யூட்டருக்குப் படிச்சிட்டு அவ்ளோ தூரம் போய்க்கீறியே, இத்த சரி பண்ணேன்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. வாக்கியத்தின் நடுவில் மொழி மாறினால் குரலும் உச்சரிப்பும் கூடவே மாற வேண்டும். சனி ஞாயிறுகளில் நான் இங்கிருந்து நிரல் எழுதினேன். அவனும் மாணவர்களும் அங்கே கேட்டுக் கேட்டுத் திருத்தினார்கள். எந்தச் சொல்லை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அவர்கள் தட்டச்சு செய்த பட்டியல்தான் அந்த மென்பொருளின் உயிர். இரண்டு வருஷம் பிடித்தது.

பெயர் வைத்தது முனிரத்தினம். “தெலுங்குல ‘சொல்லு’ன்றதுக்கு செப்பு. தமிழ்லயும் செப்பு. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்க மாட்டாங்க” என்றான். தெலுங்கில் காலில் போடும் செருப்புக்கும் அதுவே பெயர். மாணவர்கள் அதை வைத்து அவனைக் கேலி செய்தார்கள். அவன் பெயரை மாற்றவில்லை.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம் என்ற கட்டற்ற உரிமத்தோடு வெளியிட்டோம். அதில் பெயரைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. பெயரைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

3

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் என் வேலையே அதுதான்.

நான் வேலை பார்த்த கம்பெனி பார்வை இல்லாதவர்களுக்கான வாசிப்புக் கருவிகள் செய்கிறது. கருவிக்குள் இருக்கும் மென்பொருளில் பெரும்பகுதி கட்டற்ற உரிமத்தில் வெளியானது, யார் யாரோ எழுதியது. அதை எடுத்து நம் கருவிக்குத் தகுந்தபடி மாற்றலாம், தவறே இல்லை. ஆனால் அதன் உள்ளே வேறு கம்பெனிகளின் பெயரும் சின்னமும் ஒட்டிக்கொண்டிருக்கும். உரிமம் நிரலுக்குத்தான், பெயருக்கும் சின்னத்துக்கும் அல்ல. மாற்றிய சரக்கை அவர்கள் பெயரில் விற்றால் வழக்கு வரும். ஆகவே ஒவ்வொரு பதிப்புக்கு முன்பும் நான் உட்கார்ந்து, படம் படமாக, வரி வரியாகத் தேடி, அடுத்தவர் பெயர்களைப் பிடுங்கி எறிய வேண்டும். பத்து வருஷம் அதைச் செய்தேன். அடுத்தவர் பெயரைத் தொடாதே என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுத்தவளே நான்தான்.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், பெருமைக்காக, ‘செப்பு’வை என் போனில் ஓடவிட்டுக் காட்டினேன். பீட்டர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இங்கே வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு இது வேண்டும் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. நிரலைப் பயன்படுத்திக்கொள்கிறோம், பெயரும் நன்றாக இருக்கிறது, பெயரையும் பயன்படுத்தலாமா?

நான் ஒரே வரியில் பதில் போட்டேன். ‘தாராளமாக, எங்களுக்குப் பெருமைதான்.’

எங்களுக்கு என்று எழுதினேன். முனிரத்தினத்தைக் கேட்கவில்லை. நிரலை ஒரு கம்பெனி எடுத்துக்கொள்கிறது என்று மட்டும் அவனிடம் சொன்னேன். “எடுத்துக்கட்டும், அதுக்குத்தான போட்டுக்கீறோம்” என்றான். பெயரைப் பற்றிய பேச்சே வரவில்லை.

பிறகுதான் கேக். கேக்குக்குப் பிறகு நிரலின் புதுப் பதிப்பு வந்தது. உரிமத்தின்படி தங்கள் மாற்றங்களை அவர்கள் வெளியிட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு புதிய குறிப்பு இருந்தது. ‘செப்பு என்ற பெயரும் சின்னமும் எங்கள் நிறுவனத்தின் சொத்து. இந்த நிரலை வெளியிடுகிறவர்கள் அவற்றை நீக்கிவிட்டு வெளியிட வேண்டும்.’ முனிரத்தினத்தின் மாணவர்கள் தட்டச்சு செய்த அந்தச் சொற்பட்டியலின் தலையிலும் அதே குறிப்பு. அதைப் படித்த அன்று மேஜையிலிருந்து எழுந்து வெளியே போனேன். மழை. சைக்கிள் நிறுத்துமிடத்தில் நனைந்துகொண்டு நின்றேன். அப்போதும் பெரிதாக எதுவும் நடக்காது என்றே நினைத்தேன்.

4

நடந்தது இது. கம்பெனியின் சட்டப் பிரிவு முனிரத்தினத்துக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியது. ‘செப்பு’ என்ற பெயரில் எந்த நாட்டிலும் மென்பொருள் வெளியிடுவதை நிறுத்த வேண்டும், இருபத்தோரு நாள் கெடு. மூன்று பக்கம். மின்னஞ்சலில் வந்தது. காகிதத்தில் அச்சடித்து, கையெழுத்திட்டு, அதைப் படமாக ஸ்கேன் செய்து இணைத்திருந்தார்கள்.

படமாக வந்த எழுத்தை அவனுடைய மென்பொருளால் வாசிக்க முடியாது. அது “காலிப் பக்கம், காலிப் பக்கம், காலிப் பக்கம்” என்று மூன்று தடவை சொன்னது. யாரோ தவறிப்போய் வெறும் தாளை அனுப்பிவிட்டார்கள் என்று அவன் மூடிவைத்துவிட்டான்.

பார்வை இல்லாதவர்களுக்குக் கருவி விற்கிற கம்பெனி, பார்வை இல்லாத ஒருவனுக்கு, அவனால் படிக்க முடியாத வடிவத்தில் மிரட்டல் கடிதம் அனுப்பியது. இதை எழுதாமல் விடுவதாக இல்லை.

கெடு முடிந்தது. கம்பெனி கொடுத்த புகாரின் பேரில், போனில் மென்பொருள் இறக்கிக்கொள்ளும் கடையிலிருந்து எங்கள் ‘செப்பு’வை நீக்கிவிட்டார்கள். ஏற்கெனவே போட்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. புதுப் போன் வாங்கியவர்களுக்குத்தான் தெரிந்தது. வெதுருகுப்பத்தைச் சேர்ந்த சுகுணா, முனிரத்தினத்தின் பழைய மாணவி, திருப்பதியில் ஒரு கூரியர் அலுவலகத்தில் விசாரணைப் பிரிவில் வேலை செய்கிறாள். வாடிக்கையாளர்களின் மெசேஜைக் கேட்டுப் பதில் அனுப்புவது அவள் வேலை. பழைய போன் உடைந்து புதிது வாங்கினாள். ‘செப்பு’ என்று தேடினால் கம்பெனியின் மென்பொருள் வந்தது. அதற்கு மாதச் சந்தா. ஐரோப்பிய மொழிகளுக்காக மட்டும் மாற்றி எடுத்தது, அதற்குத் தெலுங்கும் தெரியாது, தமிழும் தெரியாது. நான்கு நாள் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் போனைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி வேலை செய்தாள். ஐந்தாம் நாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, சரியான பிறகு வந்தால் போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அவள் போய்ச் சொன்ன பிறகுதான் முனிரத்தினம் அந்தக் காலிப் பக்கங்களை லாட்ஜ் மேனேஜரிடம் காட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். எனக்குப் போன் செய்தபோது அவன் குரல் உயரவில்லை.

“ஜோதி, இந்தக் கம்பெனி நீ வேலை செய்றதுதான?”

“ஆமா.”

“மூணாம் பக்கத்துல உன் பேரு கீதாம். நீ எழுதிக் குடுத்துட்டியாம், பேர எடுத்துக்கோன்னு. நெஜமா?”

நான் விளக்க ஆரம்பித்தேன். பயன்படுத்தலாமா என்று கேட்டார்கள், சொந்தம் கொண்டாடலாமா என்று கேட்கவில்லை, இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்றேன்.

“அதெல்லாம் அப்புறம் சொல்லு. உன்ன கேட்டாங்க. நீ என்ன கேட்டியா?”

“இல்ல.”

“பேரு வெச்சது யாரு?”

“நீதான்.”

“சரே” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு பதினோரு நாள் என் போனை எடுக்கவில்லை.

5

சட்டப் பிரிவில் ஓர் அம்மையார். நல்ல மனுஷி, குளிர்காலத்தில் எல்லோருக்கும் சூப் கொண்டுவருவார். பீட்டரும் நானும் அவர் அறையில் உட்கார்ந்தோம்.

“உரிமம் நிரலுக்குத்தான். பெயருக்கு அல்ல. இது உங்களுக்கே தெரியும், வகுப்பெடுக்கிறீர்களே” என்றார்.

“தெரியும். அதனால்தான் அடுத்தவர் பெயரைப் பத்து வருஷமாகத் தொடாமல் இருக்கிறோம். முனிரத்தினத்தின் பெயரை மட்டும் ஏன் தொட்டோம்?”

“அவர் அதைப் பதிவு செய்யவில்லை.”

எனக்கு டச்சு மொழி நன்றாகவே வரும், கோபம் வராதவரை. அந்த மொழியில் ‘நாம்’ என்று நீட்டினால் பெயர். ‘நம்’ என்று குறுக்கினால் எடுத்துக்கொண்டான். பீட்டரைக் காட்டி, இவர் எங்கள் பெயரை எடுத்துக்கொண்டார் என்று சொல்ல நினைத்தேன். நெடிலும் குறிலும் இடம் மாறி, இவர் எங்கள் எடுத்தலைப் பெயர் என்பதுபோல ஏதோ வந்தது. அம்மையார் புன்னகையோடு திருத்தினார். பீட்டரும் சிரித்தார். பதின்மூன்று வருஷம் அந்தச் சிரிப்புக்கு நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்று சிரிக்கவில்லை. ஆங்கிலத்துக்கு மாறி, படிக்க முடியாத கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

அம்மையாரின் முகம் மாறியது. “அவருக்குப் பார்வை இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை” என்றார்.

“இந்த மென்பொருளைக் கேட்டுக் கேட்டுத் திருத்தியவர்கள் யார் என்று நினைத்தீர்கள்?”

அம்மையார் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். பெயரை உருவாக்கியவள் நானே, அதன் முழு உரிமையையும் மனமுவந்து நிறுவனத்துக்குக் கொடுத்தேன் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் விவகாரம் முடிந்துவிடும், நண்பருக்கு வேறு பெயர் வைத்துக்கொள்ள ஆறு மாதம் அவகாசம் தரலாம் என்றார்கள்.

“பெயர் வைத்தது நான் இல்லை” என்றேன்.

“இது ஒரு நடைமுறைதான்” என்றார் பீட்டர்.

தாளை மடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

6

வீட்டில் இதைச் சொன்னபோது என் மகள் தாரிணி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. பதினான்கு வயது. தமிழ் புரியும், பதில் பாதி டச்சில் வரும்.

“ஒரு பேருதானேம்மா. வேற வெச்சா என்ன? நான் மாத்திக்கிட்டேனே.”

அவள் பள்ளியில் அவள் பெயர் டீனா. முதல் வருஷமே டீச்சர் வாயில் தாரிணி நுழையவில்லை. இவளே டீனா என்று சொல்லிவிட்டாள். எனக்கு அது தெரிந்தது அவள் நண்பர்கள் வாசலில் வந்து கூப்பிட்டபோதுதான். நான் மட்டும் என்ன? நகராட்சிப் பதிவில் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்கு எதுவும் இல்லாததால் என் நைனாவின் பெயரைப் போட்டார்கள். பதின்மூன்று வருஷமாக இந்த நாட்டின் கடிதங்களில் நான் திருமதி கோவிந்தசாமி. ஆரம்பத்தில் இரண்டு தடவை திருத்தக் கேட்டு மனுப் போட்டேன். படிவம் இடம் தரவில்லை என்றார்கள். விட்டுவிட்டேன்.

“நீ மாத்திக்கிட்டது உன் இஷ்டம். முனி அங்கிள்கிட்ட இஷ்டம் இருக்கான்னு யாரு கேட்டாங்க?” என்றேன்.

“எனக்கும் இஷ்டம் இல்லம்மா. அவங்களால சொல்ல முடியல, அவ்ளோதான்” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளிடம் அதைப் பற்றி இத்தனை வருஷம் ஒரு கேள்வி கேட்காமல் இருந்திருக்கிறேன். எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று தட்டைத் துடைத்தேன்.

7

பன்னிரண்டாம் நாள் முனிரத்தினம் போனை எடுத்தான். நான் சாக்கு எதுவும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது, இனி என்ன செய்ய வேண்டும் என்று பேசலாம் என்றேன்.

“சுகுணாவுக்கு முதல்ல ஏதாவது செய்” என்றான்.

மென்பொருளை நேரடியாகப் போனில் போடுகிற வழியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். மறுவாரம் வேலைக்குப் போனாள். அதன் பிறகுதான் சண்டை.

இந்தியாவில் ஒரு பெயரை யார் முதலில் பதிவு செய்தார்கள் என்பதோடு, யார் முதலில் பயன்படுத்தினார்கள் என்பதையும் பார்ப்பார்கள் என்று திருப்பதியில் ஒரு வக்கீல் சொன்னார். கம்பெனி அங்கேயும் விண்ணப்பம் போட்டிருந்தது. பழைய மடல்களைத் தோண்டி எடுத்தேன். திருச்சானூரில் ‘செப்பு’வை வைத்து முதல் வகுப்பு நடந்த அன்று முனிரத்தினம் பதிவு செய்த ஒலி கிடைத்தது. அதில் மாணவர்கள் செருப்பு என்று கேலி செய்வது தெளிவாகக் கேட்கிறது. கம்பெனி இந்தச் சொல்லைக் கேள்விப்படுவதற்கு ஆறு வருஷம் முந்தையது. என் சாட்சியத்தை நானே எழுதி, கையெழுத்திட்டு அனுப்பினேன். வேலை செய்யும் கம்பெனிக்கு எதிராக.

முனிரத்தினம் பிரமாணப் பத்திரம் கொடுக்கப் போன இடத்தில், கண் தெரியாதவர் கையெழுத்து செல்லாது, கைநாட்டு வை, இரண்டு சாட்சி வேண்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

“எம்.ஏ. படிச்சிக்கீறேன், கையெழுத்துத்தான் போடுவேன்னு சொன்னேன். ‘ரூல் லேது’ன்னான். எந்த ரூல்ல போடக்கூடாதுன்னு கீதுன்னு கேட்டேன். மூணு நாள் போய்க்கினே இருந்தேன். நாலாம் நாள் போட வெச்சான்” என்றான். எனக்கு எழுந்த கோபம் அவன் குரலில் இல்லை. அவனுக்கு இது வாரா வாரம் நடப்பது.

ஏழு மாதம் இழுத்தது. கடைசியில் கம்பெனி இந்திய விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்று எழுதியிருந்தார்கள். இந்தத் தடவை கடிதம் வாசிக்கக்கூடிய எழுத்தில் வந்தது. இந்தியாவில் எங்கள் ‘செப்பு’ மீண்டும் கடையில் ஏறியது. ஐரோப்பாவில் பெயர் அவர்களிடமே இருக்கிறது. நான் வாழும் ஊரில், நானும் அவனும் செய்த மென்பொருளை அதன் சொந்தப் பெயரில் நான் வெளியிட முடியாது. இதை வெற்றி என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

வேலையை விட்டேன். போகச் சொல்லவில்லை, கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். நான்கு மாதம் வீட்டில் இருந்து, இப்போது ஒரு நூலகத்தின் கணினிப் பிரிவில் வேலை. சம்பளம் குறைவு.

போன மாதம் முனிரத்தினமும் நானும் உரிமத்தோடு சேர்க்க ஒரு பக்கம் எழுதினோம். பெயரை யார் பயன்படுத்தலாம் என்ற பக்கம். யாரும் எதையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்ட இரண்டு பேர், முதல் தடவையாக ‘அனுமதி இல்லாமல்’ என்று எழுத உட்கார்ந்தோம். எனக்குக் கை வரவில்லை. இதை எங்களை எழுத வைத்ததற்காகவே அவர்கள் மேல் என் கோபம் தீராது. அவன் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன்.

“கண்ணு தெரியாதவங்களுக்குச் சொல்லித்தர்றவங்க, அவங்களுக்கு இலவசமா குடுக்கறவங்க, இந்தப் பேர அப்டியே வெச்சிக்கலாம். யாரையும் கேக்க வேணாம். எழுதிக்கினியா?”

“எழுதிட்டேன்.”

“மத்தவங்க எழுத்துல கேக்கணும். படமா அனுப்பக் கூடாது. ரெண்டு பேருகிட்டயும் கேக்கணும். ரெண்டு பேருன்னு போடு.”

போட்டேன். என் பெயரைக் கோவிந்தசாமி என்று போடாமல் ஜோதி என்று போட்டேன்.

“கேட்டா என்ன சொல்லுவோம்?” என்றேன்.

கீழே திருச்சானூர் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் கூப்பிடும் சத்தம் போனில் வந்துகொண்டிருந்தது.

“குடுத்துருவோம்” என்றான். “கேக்கட்டும்.”